பர்சோ என்றால் எப்போது?

என் மகனுக்கும், இதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துச் சொல்லப்போகும் பவித்ராவுக்கும்,

முதலில் உன் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். உனக்குத் தமிழ் பேசத் தெரியும், கேட்டால் புரியும், திட்டினால் இன்னும் நன்றாகப் புரியும். படிக்கத்தான் வராது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத், மௌலா அலி. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ். நான் தமிழில் கேட்பேன், நீ மற்ற மூன்றில் எது அப்போது வாய்க்கு வருகிறதோ அதில் பதில் சொல்வாய். அப்படியே பேசிப் பேசி உன்னை ஆளாக்கிவிட்டோம். இது தெரிந்தும் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்பாய். இங்கிலீஷில் எழுதினால் என் மெயில்களைப் படிக்கிற மாதிரி முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு ‘ஓகே பா’ என்று பதில் போட்டுவிடுவாய். தமிழில் எழுதினால் உனக்கு ஓர் ஆள் படித்துக் காட்டியாக வேண்டும், அந்த ஆள் படிக்கிற வேகத்தில்தான் நீ கேட்டாக வேண்டும். அடுத்த மாதம் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் திருச்சிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்துவிட்டு வந்தவள் என்பது என் அதிர்ஷ்டம். பவித்ரா, அம்மாடி, நிதானமாகப் படி. நடுவில் அவன் செல்போனை எடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடு.

வியாழக்கிழமை நீ கச்சிபௌலியிலிருந்து போன் செய்தபோது பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம்தான் அதிகம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், “அப்பா, அந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஆஃபரை ஒத்துக்கலாம்னு இருக்கேன். மண்டே சொல்லணும்” என்றாய். ஏன்டா திடீரென்று என்று கேட்டேன். “இங்க நான் என்னப்பா பண்றேன்? போர்டு டெஸ்ட் பண்றது கொஞ்சம், அதைப் பத்தி ரிப்போர்ட் எழுதுறதுதான் நிறைய. எழுதிக் கொடுத்தா மேனேஜர் திருப்பி அனுப்புறார். திரும்ப எழுதினா திரும்ப அனுப்புறார். நான் இன்ஜினியரா, கிளார்க்கா?” என்றாய். அதுவரைக்கும் உன் கோபம் எனக்குப் புரிந்தது. கடைசியில், “பவித்ராவுக்கும் அதான்பா இஷ்டம்” என்று ஒன்றைச் சேர்த்தாய். அதைக் கேட்டதும் சரி, யோசிப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா கோபித்துக்கொண்டார் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். கோபம் இல்லை. அந்தக் கடைசி வரிதான் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எலெக்ட்ரானிக்ஸை விட்டுப் போகக்கூடாது என்பது என் ஆசை. இதை மறைத்துக்கொண்டு நடுநிலையாகப் பேசுகிற மாதிரி எழுதினால் நீ இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். ஆனால் இது என் ஆசை மட்டும்தான். நீ தங்குவதற்கு இது ஒரு காரணம் ஆகாது. சாஃப்ட்வேரையும் நான் மட்டமாக நினைக்கவில்லை. பவித்ரா அதில்தான் இருக்கிறாள், நம் காலனியில் உன்னோடு கிரிக்கெட் ஆடிய பையன்கள் பெண்கள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றால் பாதிக் காலனி காலியாகிவிடுகிறது. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “உங்க பையன் எந்தக் கம்பெனி சார்? பேர் மறந்து மறந்து போகுது” என்பார். மறந்தெல்லாம் போகாது. நான் இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் இன்னொரு தடவை கேள்விப்பட்டதில்லை என்று முகத்தைக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டுகிற பெட்டி இருக்கிறதே, அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை என் மகன் வடிவமைக்கிறான் என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதுவும் என் நெஞ்சுதான், உன்னுடையது இல்லை. அதற்காக நீ அங்கேயே கிடக்க வேண்டியதில்லை.

ஆனால் ரிப்போர்ட் எழுதுவது கிளார்க் வேலை என்று சொன்னாய் பார், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது டிவி ரிமோட் உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் ஆபீஸிலிருந்து வந்து என்னடா ஆச்சு என்று கேட்டேன். “படிப்போயிந்தி” என்றாய். சரி, தெலுங்கில் விழுந்துவிட்டது. தமிழில் சொல் என்றேன். “விழுந்துருச்சு” என்றாய். இங்கிலீஷில் கேட்டேன், அதிலும் ரிமோட் தானாகத்தான் விழுந்தது. எந்த மொழியில் கேட்டாலும் அந்த ரிமோட்டுக்குக் கை கால் முளைத்து, மேஜை ஓரத்துக்கு நடந்து போய்க் குதித்திருந்தது. யார் போட்டது என்று நான் விடாமல் கேட்க, நீ உதட்டைப் பிதுக்க, அம்மா சமையலறையிலிருந்து, “நக்கோங்க, வேணாங்க, புள்ளைய விடுங்க, என்ன ரிமோட்டா ராக்கெட்டா” என்று சத்தம் போட்டாள். கடைசியில் நீ நோட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தாய். ‘நான் ரிமோட்டைப் போட்டேன், ஏனென்றால் அதை மைக் மாதிரி பிடித்துப் பாடினேன்’ என்று இங்கிலீஷில். அன்றைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். நீ பயந்து பொய் சொல்லாத பிள்ளை என்பதற்காக நான் சுற்றவில்லை. யார், என்ன, எதனால் என்று மூன்றும் ஒரே வரியில் இருந்தன. எங்கள் பிரிவில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கே அது வராது.

இப்போது நீ ஒரு கதை கேட்க வேண்டும். அரைகுறையாக உனக்குத் தெரிந்த கதைதான். ‘பர்சோ’ என்ற வார்த்தையை யார் சொன்னாலும் நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம், நீ ஏன் என்று கேட்பாய், நாங்கள் சொல்லமாட்டோம். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சொன்னால் என் மானம் போகும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இதோ எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “கைக்கு இவ்ளோ நீளமா எழுதுறீங்க? அந்தப் புள்ளைக்கு முன்னாடி மானம் போகணுமா?” என்கிறாள். (பவித்ரா, ‘கைக்கு’ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் எதற்கு என்று அர்த்தம்.) போகட்டும்.

நான் அம்பாசமுத்திரத்திலிருந்து இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது, இன்றைக்குக் கம்பெனிகளாக நிற்கிற கச்சிபௌலி வெறும் பாறை. ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு. சூட்டை அளந்து கட்டுப்படுத்துகிற பேனல்களைச் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுப்போம், கோளாறு என்றால் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவோம். அந்தப் பிரிவில் ஒரே ஒரு பெண் இன்ஜினியர், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். உன் அம்மாதான். அவள் வேலையில் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேலை நிரந்தரமாகவும் இல்லை. அவள் புதிதாக வடிவமைத்த ஒரு கார்டை, பேனலுக்குள் சென்சார் வயர் வந்து சேருகிற இடத்தில் பொருத்துகிற கார்டு அது, முதன்முதலாக ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருந்த எங்கள் பேனலில் சோதனைக்குப் போட்டிருந்தார்கள். அது நன்றாக ஓடினால் எல்லாப் பேனலுக்கும் அதுதான். அவள் வேலை நிரந்தரமாவதும் அதை வைத்துத்தான்.

பொருத்திய சில நாளில், மீட்டர் முள் நிற்காமல் குதிக்கிறது என்று புகார் வந்தது. என்னை அனுப்பினார்கள். எனக்கோ ஊர் புதிது, உற்சாகம் தாங்கவில்லை. இந்தி வேறு தெரியும். ஊரில் டியூஷன் வைத்துப் பரீட்சை எல்லாம் எழுதி, சர்ட்டிஃபிகேட்டோடு வந்தவன். அங்கே மருந்துப் பொடியை உலர்த்துகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம், எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று பரீட்சை இந்தியில் கேட்டேன். அவர், “பர்சோ சே ஐசாச் ஹை சாப்” என்றார், பர்சோவிலிருந்து இப்படித்தான் என்று. பர்சோ என்றால் என்ன? நேற்று முன்தினம். என் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, அதற்கு எனக்கு மார்க்கும் போட்டார்கள். அதற்கு மேல் நான் ஏன் கேட்கப்போகிறேன்? திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதினேன். ‘கோளாறு நேற்று முன்தினம் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் புதிய கார்டு பொருத்தப்பட்டது. ஆகவே கோளாறுக்குக் காரணம் புதிய கார்டு.’ இங்கிலீஷில் இன்னும் கம்பீரமாக இருந்தது. எழுதிவிட்டு நானே நாலு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் மேலாளர் அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, புதிய கார்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அவளுடைய வேலைப் பதிவில் அந்த ரிப்போர்ட்டைச் சேர்க்கச் சொல்லிவிட்டார் என்றும் பேச்சு அடிபட்டது. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. கார்டு யாருடையது என்றுகூட யோசிக்கவில்லை. பார்த்ததை எழுதினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அழுவாளோ, சண்டை போடுவாளோ என்று நான் நாற்காலியில் சற்றுப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவள் ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்து, முதல் வாக்கியத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இது யார் சொன்னது?”

“அந்த மெஷின் ஆப்பரேட்டர்தான் சொன்னாரு.”

“நேற்று முன்தினம்னு தமிழ்லயா சொன்னார்?”

“இல்ல, இந்தியில. பர்சோன்னு சொன்னாரு.”

அவ்வளவுதான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பார், பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு, “சார், இந்த ஊர்ல பர்சோன்னா எப்போ வேணும்னாலும் இருக்கலாம். முந்தாநாள் நான் பஸ்ஸ விட்டதும் பர்சோதான், எங்க அப்பாவுக்குக் கல்யாணம் ஆனதும் பர்சோதான். எந்தப் பர்சோன்னு நீங்க கேக்கலையா?” என்றாள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் இந்தி தெரியுமே.

அன்றைக்கே இரண்டு பேரும் அந்தத் தொழிற்சாலைக்குப் போனோம். அவள் அந்த ஆளிடம், “பர்சோ போலே தோ கப், பாய்?” என்று கேட்டாள், எந்தப் பர்சோ என்று. அவர் யோசித்து, புது மோட்டார் மாட்டினார்களே, அப்போதிலிருந்து என்றார். புது மோட்டார் மாட்டியது போன மழைக்காலத்தில். அதாவது அவளுடைய கார்டு அந்தப் பேனலைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்னால். புதிய கார்டு போட்டபோது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று நாங்களே கேட்டிருந்தோம். அதனால்தான் இத்தனை நாள் பேனலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தவர்கள் அப்போது வாயைத் திறந்தார்கள். மோட்டாரை ஓட்டச் சொல்லி முள்ளைப் பார்த்தோம். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் முள் குதித்தது. மாட்டியவர்கள் மோட்டாருக்குப் போகிற மின்சாரக் கேபிளையும் எங்கள் சென்சார் வயரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள், கேபிளின் இரைச்சல் வயருக்குள் கலந்துகொண்டிருந்தது. கட்டைப் பிரித்து இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தோம். முள் நின்றது. வரும் வழியில் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நாங்கள் செகந்திராபாத் வந்து சேரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள்.

கதை அதோடு முடிந்திருந்தால் உனக்கு இதை எழுதியிருக்கமாட்டேன். மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், சிரித்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடு, புதிதாக ஒன்று எழுது என்றார். அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். “சார், புது ரிப்போர்ட்ல அவர் சொன்ன வார்த்தைய அப்படியே போடணும்” என்றாள். டெக்னிக்கல் ரிப்போர்ட்டில் பர்சோவா என்று அவர் முகம் சுளித்தார். “அவர் வாயில வந்தது அதுதான் சார். அதுக்கு என்ன அர்த்தம்னு நாம நினைக்கிறதை அடுத்த வரியில தனியா போடுவோம். நாம நினைச்சது தப்பா இருந்தா, படிக்கிறவங்களாவது கண்டுபிடிக்கட்டும்” என்றாள். மேலாளர் சரி என்றார். அப்படித்தான் எழுதினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் எழுதிய எல்லா ரிப்போர்ட்டிலும் மூன்று பகுதிகள் இருந்தன. சொன்னவர் சொன்னது, நான் கண்ணால் பார்த்தது, நான் ஊகித்தது. ஒன்றின் வரி இன்னொன்றுக்குள் போகக்கூடாது. அந்தக் கேபிளையும் வயரையும் ஒரே கட்டில் போட்டதால்தானே முள் குதித்தது. நானும் என் ரிப்போர்ட்டில் அதையேதான் செய்திருந்தேன்.

நீ இந்நேரம் பொறுமை இழந்து, சரி, கல்யாணம் எப்படி ஆச்சு என்று கேட்பாய். அதிலும் மானம் போன கதைதான். அவளுடைய வேலை நிரந்தரமான பிறகு, ஒருநாள் கேண்டீனில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “எங்க அப்பாவையும் அம்மாவையும் உங்க வீட்டுக்கு அனுப்பலாமா?” என்று கேட்டேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, “ஹவ்” என்றாள். இந்த ஊரில் பாதி ஜனம் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்லும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு என் காதில் அது இங்கிலீஷாக விழுந்தது. எப்படி என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, “ரயில்லதான் வருவாவ. மெட்ராஸ் வந்து வண்டி மாறணும். செகந்திராபாத்துல இறங்குனா உங்க குவார்ட்டர்ஸ் பக்கந்தானே, ஆட்டோ புடிச்சிருவாவ” என்று விளக்கிக்கொண்டே போனேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. இந்த மனுஷனை நம்பி ஒரு வார்த்தையையும் தனியாக விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாக இப்போதும் சொல்வாள். அதனால்தான் என்னைக் கட்டிக்கொண்டாளாம்.

இனி உன் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். போன தடவை வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப் போனாய். பார்க்கக்கூடாதுதான், பார்த்துவிட்டேன். ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் உங்கள் பெட்டி துடிப்பைத் தப்பாகக் காட்டியிருக்கிறது. நீ போர்டைச் சோதித்து அதில் கோளாறு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அது நீ பார்த்தது, அழகாக எழுதியிருக்கிறாய், படங்களும் அளவுகளும் உன் அம்மாவின் கைச்சுத்தம். அடுத்த வரியில், நர்ஸ் வயரைச் சரியாகப் பொருத்தாததே காரணம் என்று முடித்துவிட்டாய். உன் மேனேஜர் அந்த வரிக்குப் பக்கத்தில், உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு கேள்வி போட்டிருக்கிறார். நீ அந்த வரியை வேறு வேறு இங்கிலீஷில் திருப்பித் திருப்பி எழுதி அனுப்பியிருக்கிறாய், அவர் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைப் போட்டுத் திருப்பியிருக்கிறார். அவர் இலக்கணம் பார்க்கிறார் என்று நீ கோபப்படுகிறாய். கண்ணா, அவர் இலக்கணம் பார்க்கவில்லை. அந்த மனுஷரை நான் பார்த்ததில்லை, ஆனால் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த நர்ஸை நீ பார்த்தாயா? பேசினாயா? நீ பார்த்தது போர்டை மட்டும்தான். போர்டு நன்றாக இருக்கிறது, ஆகவே நர்ஸ்தான் என்பது உன் ஊகம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ரிப்போர்ட் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். அவளுக்கும் வேலை நிரந்தரமாகாமல் இருக்கலாம். உன் அம்மாவுக்காவது என் மேஜை நாலு அடி தள்ளி இருந்தது, வந்து விரலை வைத்துக் கேட்க முடிந்தது. அந்த நர்ஸுக்கு நீ யார் என்றே தெரியாது.

அதனால் வேலையை விடுவதென்றாலும் விடு, அந்த ஒரு ரிப்போர்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ. அந்த வார்டுக்குப் போன் போடு. என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணிடமே கேள். அவள் தெலுங்கில் சொன்னால் தெலுங்கிலேயே எழுதிக்கொள், அர்த்தத்தை அடுத்த வரியில் போடு. அவள்தான் சரியாகப் பொருத்தவில்லை என்று தெரிந்தால் தாராளமாக எழுது, ஆனால் எந்த வார்த்தையால் தெரிந்தது என்று சேர்த்து எழுது. சாஃப்ட்வேருக்குப் போனால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறாயா? பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுப் பார். அவள் வேலையே மற்றவர்கள் எழுதின புரோகிராமில் தப்பு கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதுதானே. எழுதிக் கொடுத்தால், எங்க கம்ப்யூட்டர்ல அப்படி வரலையே என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய், கவனிக்கவில்லை.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ‘பவித்ராவுக்கும் அதான் இஷ்டம்’ என்றாய். உன் மேனேஜர் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்கிறேன். உனக்கு எப்படித் தெரியும்? அவள் வாயால் சொன்னாளா? என்ன வார்த்தையில் சொன்னாள்? இல்லை, அவளுடைய சித்தப்பா நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளை ஏன் பெரிய கம்பெனிக்குப் போகலை என்று கேட்டாரே, அதை வைத்து நீயே போட்டுக்கொண்ட கணக்கா? அவள் சாஃப்ட்வேரில் இருக்கிறாள், ஆகவே அவளுக்கு சாஃப்ட்வேர் மாப்பிள்ளைதான் பிடிக்கும் என்பதா? போர்டு நன்றாக இருக்கிறது, ஆகவே நர்ஸ்தான் என்கிற மாதிரிதான் இருக்கிறது. உனக்குப் பிடித்த வேலையை அவளுக்காக விட்டதாக நீ நினைத்துக்கொள்வாய். என்றைக்காவது ஒரு கோபத்தில், உனக்காகத்தானே விட்டேன் என்று அவளிடம் சொல்லியும் விடுவாய். அவள் கேட்காத ஒன்றை அவள் பேரில் எழுதி வைத்தது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியவரும். அந்த நாள் உங்கள் வீட்டில் வரக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

பவித்ரா, இந்த இடத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்திருந்தபோது, அம்மா பிளவுஸ் அளவு எடுக்க டேப்பைத் தேடிக்கொண்டிருந்தாள், இவன் போனில் பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டான். நீ என்னிடம் ஒன்று சொன்னாய். நான் இவனிடம் சொல்லக்கூடாது என்று நீ சொல்லவில்லை, சொல்லச் சொல்லவும் இல்லை. என் வழக்கப்படி வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். உன் குரலிலேயே நீ அதைப் படிக்க வேண்டியிருக்கும். தடுமாறினால் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. “மாமா, அன்னைக்கு அவரு கையக் கையக் காமிச்சு அந்தப் போர்டைப் பத்திச் சொல்லிட்டே இருந்தாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. ஆனா எங்க நிறுத்திடுவாரோன்னு பயமா இருந்துச்சு.” இதுதான் நீ சொன்னது. இதிலிருந்து நான் என்ன ஊகித்தேன் என்பதை எழுதமாட்டேன். ஊகித்திருக்கிறேன், ஆசைப்பட்டும் ஊகித்திருக்கிறேன், அதனாலேயே எழுதமாட்டேன். நான் பர்சோவை முந்தாநாள் என்று எழுதினவன். நீ வேறு எதையோ நினைத்துச் சொல்லியிருக்கலாம். சாஃப்ட்வேருக்குப் போகட்டும் என்பதே உன் இஷ்டமாக இருக்கலாம், அப்படியானால் அதையும் கூச்சப்படாமல் அவனிடம் சொல். மாமனாருக்கு வருத்தமாக இருக்குமே என்று பார்க்காதே. மாமனாருக்கு வருத்தமாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

மகனே, உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்கு என்ன வேண்டுமானாலும் சொல். அதை எனக்குப் போனில் சொல்லும்போது, முடிவைச் சொல்வதற்கு முன்னால் பவித்ரா சொன்ன வார்த்தையை முதலில் சொல். அவளுக்கு இஷ்டம், அவளுக்கு இஷ்டமில்லை என்று உன் வார்த்தையில் சுருக்கிச் சொல்லாதே. அவள் எப்படிச் சொன்னாளோ அப்படி. பிறகு உன் முடிவு எதுவானாலும் இந்த வீட்டில் அதற்கு எதிராக ஒரு சொல் வராது. எதிர்வீட்டுக்காரரிடமும் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா இப்போது பின்னால் நின்று படித்துவிட்டாள். “ஹவ் கதைய எழுதிட்டீங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டு, அவள் பங்குக்கும் ஒன்று எழுதச் சொல்கிறாள். வரும்போது முறுக்கு டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம், போன டப்பாவே இன்னும் வரவில்லையாம்.

பவித்ரா, இதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதப்போகிறேன். அதை நீ படிக்காதே. கடிதத்தை அவன் கையில் கொடு. அம்மா அவனுக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தாள், இரண்டு எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்காவது அதில் மிச்சம் இருக்கும். அதற்காகவே பெரிதாக எழுதுகிறேன். ளகரத்தில் தடுமாறினால் திருத்திவிடு. படித்த பிறகு, அந்த வார்த்தைக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு என்று அவனுக்குச் சொல். முதலாவதைச் செய்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இரண்டாவதையும் செய்யச் சொல்.

கேள்.